சரோஜா அக்கா சங்கிலி: பாரதி நகர் 4ஆவது தெரு குழு

வெள்ளிக்கிழமை

மீனா 12பி (காலை 5:58)
எல்லாரும் எந்திரிங்க. சரோஜா அக்கா வாசல்ல கோலம் போட்டுட்டு இருந்தப்போ பைக்ல ரெண்டு பேர் வந்து செயினை அறுத்துட்டுப் போயிட்டானுங்க

பால் முருகேசன் (5:59)
சத்தம் கேட்டு ஓடியாந்தேன். கருப்பு பைக். நம்பர் பிளேட்டுல துணி சுத்தியிருந்துச்சு

சேகர் அட்மின் (6:01)
அக்காவுக்கு ஒண்ணும் ஆகலையே?

மீனா 12பி (6:02)
கழுத்துல கோடு போட்ட மாதிரி தோல் உரிஞ்சிருக்கு. முழங்கைல சிராய்ப்பு. நடுங்கிட்டு இருக்காங்க. காபி கொடுத்திருக்கேன்

ரமணி மாமி (6:04)
விடியறதுக்கு முன்னாடி வாசல் தெளிக்காதேன்னு போன வாரம்தான் சொன்னேன்

மீனா 12பி (6:04)
மாமி, இப்ப அது வேண்டாமே 🙏

கார்த்தி (6:41)
புகார் எழுதிட்டேன். சரியான்னு பாருங்க:
"இன்று அதிகாலை என் தாயாரின் 3 பவுன் தங்கச் சங்கிலி திருடு போய்விட்டது. கண்டுபிடித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

வக்கீல் நடராஜன் (6:43)
கார்த்தி, அதைக் கொடுக்காதே. ரெண்டு நிமிஷம் இரு

வக்கீல் நடராஜன் (6:46)
"திருடு போய்விட்டது"ன்னு எழுதினா பீரோவிலிருந்து காணாமப் போன மாதிரி இருக்கு. உங்க அம்மாவை என்ன பண்ணினான்னு அதுல ஒரு வரிகூட இல்லையேப்பா. அம்மாகிட்ட கேளு: ஒரே இழுப்புல அறுந்துச்சா? கையைப் பிடிச்சானா, தள்ளினானா? எப்படி விழுந்தாங்க?

கார்த்தி (6:57)
கேட்டேன் சார். அவங்க சொன்னபடியே போடறேன்:
"முதல் இழுப்புல அறுகல. நான் தாலியோட சேர்த்து இறுக்கிப் பிடிச்சுகிட்டேன். பின்னாடி உட்கார்ந்திருந்தவன் என் மணிக்கட்டுல ஓங்கிக் குத்தினான். அப்புறம்தான் அறுந்துச்சு. பைக் இழுத்த இழுப்புல விழுந்தேன். தாலி என் கைக்குள்ளயே இருக்கு. செயின்தான் போச்சு. அவன் சட்டை முதுகுல என் கலர்ப்பொடிக் கை நல்லாப் பட்டிருக்கு."

மீனா 12பி (6:58)
😢 தாலியை இன்னும் விரலைத் திறக்காமலே வச்சிருக்காங்க

வக்கீல் நடராஜன் (7:05)
அந்த மணிக்கட்டுக் குத்துதான் இந்தக் கேஸே. அதை முதல் பக்கத்துல எழுது.
ஆள் அசந்த நேரத்துல சத்தமில்லாம எடுத்தா திருட்டு, பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த புதுக் குற்றச் சட்டம்) 303. திடீர்னு வெடுக்குன்னு பிடுங்கினா பறிப்பு, 304. 2024 ஜூலை 1லேர்ந்துதான் இதுக்குத் தனிப் பிரிவு. பேரு புதுசு, அதிகபட்சம் அதே 3 வருஷம்தான். எனக்கு இதுல பெரிய திருப்தி கிடையாது.
எடுக்கறதுக்காகவோ, எடுத்ததைக் கொண்டுபோறதுக்காகவோ ஒருத்தரை அடிச்சா, மறிச்சா, இப்பவே அடிப்பேன்னு பயமுறுத்தினா அது 309, கொள்ளை. 10 வருஷம் வரை கடுங்காவல். அதுல காயமும் ஏற்படுத்தியிருந்தா 309(6), ஆயுள் வரைக்கும் போகலாம்

சேகர் அட்மின் (7:07)
சின்ன சிராய்ப்புக்குக்கூடவா சார்?

வக்கீல் நடராஜன் (7:08)
உடம்புக்கு வலி உண்டாக்கினாலே சட்டத்துல அது காயம்தான். எலும்பு முறியணும்னு இல்ல. கார்த்தி, ஸ்டேஷன் போற வழியில ஜிஎச் போய் அம்மாவைக் காட்டு. பைக்ல வந்தவங்க அடிச்சதுன்னு டாக்டர்கிட்ட தெளிவாச் சொல்லி ஏஆர்ல (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு) பதிய வை. கழுத்தை இப்பவே போட்டோ எடு. மஞ்சள் தடவிட்டா அடையாளம் தெரியாது

ரமணி மாமி (7:09)
நான் ஏற்கெனவே மஞ்சள் வச்சுட்டேனே

மீனா 12பி (7:09)
வைக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன் மாமி, கவலைப்படாதீங்க

பாஸ்கர் 7ஏ (7:15)
ரெண்டு பேர் சேர்ந்து வந்தா கூட்டுக்கொள்ளைதானே சார்? அதைப் போடச் சொல்லுங்க

வக்கீல் நடராஜன் (7:17)
இல்லப்பா. அதுக்கு 5 பேராவது வேணும், 310. முனையில வண்டியை ஸ்டார்ட்ல வச்சுகிட்டு உதவிக்கு நிக்கிறவனும் கணக்குல சேருவான். ஆனா இங்க நாம பார்த்தது ரெண்டே பேர். இல்லாததை ஏத்தி எழுதினா குறுக்கு விசாரணையில உள்ளதும் போயிடும்

பாஸ்கர் 7ஏ (7:19)
அப்ப போன தீபாவளிக்கு எங்க அண்ணன் வீட்டுல 22 பவுன் போனதை "கொள்ளை"ன்னுதானே பேப்பர்ல போட்டான்?

வக்கீல் நடராஜன் (7:21)
பேப்பர்ல போடுவான். வீட்டுல அப்ப யாராவது இருந்தாங்களா?

பாஸ்கர் 7ஏ (7:21)
எல்லாரும் பழனியில இருந்தோம்

வக்கீல் நடராஜன் (7:23)
ஆளே இல்லாத வீட்டுல யாரை மிரட்டறது? பூட்டை உடைச்சு நுழைஞ்சது ஒரு குற்றம், குடியிருக்கிற வீட்டுல திருடினது இன்னொண்ணு. 305, 7 வருஷம் வரை. கொள்ளைக்குப் பவுன் கணக்கு கிடையாது. 22 பவுன் திருட்டா இருக்கலாம், கத்தியைக் காட்டி வாங்கின 200 ரூபா கொள்ளையா இருக்கலாம்

வாட்ச்மேன் துரை (7:26)
சார் அன்னைக்கு சைக்கிள் எடுத்தவனை நான் தொரத்துனப்ப கல்லால அடிச்சான்ல. நெத்தில 3 தையல். அது கொள்ளைதானே

வக்கீல் நடராஜன் (7:27)
சைக்கிளை எங்க விட்டான் துரை?

வாட்ச்மேன் துரை (7:28)
கேட்டுகிட்டயே போட்டுட்டு ஓடிட்டான் சார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி அடிச்சான்

வக்கீல் நடராஜன் (7:31)
அங்கதான் மாட்டுது. சைக்கிளைக் கொண்டுபோறதுக்காக அடிச்சிருந்தா கொள்ளை. அதைப் போட்டுட்டு தன் உயிரைக் காப்பாத்திக்க ஓடும்போது அடிச்சா, திருட்டுக்கு ஒரு பிரிவு, உன் நெத்திக்கு ஒரு பிரிவு, தனித்தனி

வாட்ச்மேன் துரை (7:32)
தையல் என்னமோ ஒண்ணாத்தான் போட்டாங்க சார்

பாஸ்கர் 7ஏ (7:32)
😂😂

செல்வி 3ஏ (7:34)
இன்னிக்கு கார்ப்பரேஷன் தண்ணி வருமா?

சேகர் அட்மின் (7:34)
9 மணிக்கு வரும் செல்வி. மேல படிங்க

செல்வி 3ஏ (7:38)
அய்யோ சாரி, இப்பதான் பார்த்தேன். அக்கா எப்படி இருக்காங்க? போன மாசம் எனக்கும் ஒரு கால் வந்துச்சு, உன் பையன் எங்ககிட்ட இருக்கான், 50,000 அனுப்புன்னு. அதுவும் இதே சட்டமா?

வக்கீல் நடராஜன் (7:42)
அது மிரட்டிப் பணம் பறித்தல், 308. அதுக்கு 7 வருஷம் வரை. எதிர்ல நின்னு, உடனே செய்வேன்னு பயமுறுத்தி, அங்கேயே கொடுக்க வச்சாத்தான் கொள்ளை ஆகும். 1860 ஐபிசியிலயே உன் கேஸ் உதாரணமா இருக்கு: "உன் குழந்தை என் கும்பல்கிட்ட இருக்கு, பத்தாயிரம் ரூபாய் அனுப்பு"ன்னு. அப்ப போன்தான் இல்ல

கார்த்தி (9:20)
ஜிஎச் முடிஞ்சு ஸ்டேஷன்ல இருக்கோம். "சிஎஸ்ஆர் ரசீது (புகார் வந்துச்சுன்னு கொடுக்கற சீட்டு) வாங்கிட்டுப் போங்க, செயின் பறிப்புதானே, முதல்ல விசாரிக்கறோம்"ங்கறாங்க

வக்கீல் நடராஜன் (9:22)
இதுக்காகத்தான் காலைலேர்ந்து கத்தறேன். 3 வருஷத்துலேர்ந்து 7 வருஷத்துக்குள்ள தண்டனை இருக்கிற குற்றம்னா, டிஎஸ்பி அனுமதியோட 14 நாள் முதற்கட்ட விசாரணை பண்ணலாம், பிஎன்எஸ்எஸ் (புதுக் குற்ற நடைமுறைச் சட்டம்) 173(3). வெறும் பறிப்புன்னு எழுதினா அந்தக் கதவு திறந்துடும். 309க்கு அது கிடையாது. புகாரையும் ஏஆர் நகலையும் சேர்த்து மேஜைமேல வை. மணிக்கட்டு வீக்கத்தை ஆய்வாளர்கிட்ட நேர்ல காட்டச் சொல்லு. குரலை உயர்த்தாதே

வக்கீல் நடராஜன் (9:24)
2013ல சுப்ரீம் கோர்ட் லலிதா குமாரி வழக்குல எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு சொல்லியிருக்கு. அதை நீ பேசாதே, தேவைன்னா நான் வந்து பேசறேன்

கார்த்தி (11:05)
எஃப்ஐஆர் போட்டாச்சு சார். 309(6). நகல் காசு வாங்காமக் கொடுத்தாங்க. கலர்ப்பொடி விஷயத்தை அம்மா சொன்னதும் ஆய்வாளரே ரெண்டு தடவை கேட்டு எழுதிக்கிட்டார்

வக்கீல் நடராஜன் (11:08)
நல்லது. நகைக்கடை பில்லைத் தேடி எடுத்து வை. பில் இல்லன்னா அம்மா அந்தச் செயின் போட்டிருக்கிற கல்யாண போட்டோ. அடகுக்கடையில அகப்பட்டா, திருட்டுப் பொருள்னு தெரிஞ்சே வாங்கினவன் மேலயும் 317 இருக்கு. கேஸ் முடியறதுக்குள்ள நகையை இடைக்காலமா வாங்க கோர்ட்ல மனு போடும்போது பில் கேப்பாங்க

ரமணி மாமி (11:15)
சரோஜா, மத்தியானம் ரசம் சாதம் நான் கொண்டு வரேன். தாலியை மஞ்சள் கயித்துல கோத்துக்கோ இப்போதைக்கு

கார்த்தி (11:31)
அம்மா கேக்கறாங்க, கோலப்பொடி டப்பா யார் வீட்டுல இருக்கு?

பால் முருகேசன் (11:33)
என் வண்டிலதான் இருக்கு. மூடி மட்டும் உடைஞ்சிருச்சு. சாயந்திரப் பாலோட கொண்டாந்து தரேன்