256 பிட் இருக்கிறதே, பிறகென்ன பயம்?

லாஸ்பேட்டை வாசி: கடற்கரைச் சாலையில் ஒரு காபிக் கடை. இலவச வைஃபையில் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு வந்தேன். விபிஎன் போட்டிருந்தேன், போகிற தரவை எல்லாம் பூட்டி அனுப்பும் செயலி. பூட்டு ஏஇஎஸ் முறை, 256 பிட் சாவி. எவனாலும் உடைக்க முடியாது. பயந்தாங்கொள்ளிகள் வங்கி வரிசையிலேயே நிற்கட்டும்.

கெடிலக்கரை: படித்ததும் எரிச்சல்தான் வந்தது. எல்டூடிபி என்ற விபிஎன் வகையை வைத்திருப்பதாகப் போன வாரம் நீங்களே எழுதினீர்கள். உங்கள் விபிஎன் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைத் திறந்தேன். பகிர்வுச் சாவி: 12345678. சந்தா கட்டியவர், கட்டாதவர், எல்லாருக்கும் அதே எட்டு எண்.

லாஸ்பேட்டை வாசி: தெரிந்தால் தெரியட்டும். குறியாக்கம் 256. என் கடவுச்சொல் தனியாக இருக்கிறது.

கெடிலக்கரை: மறுமுனையில் இருப்பது அசல் சர்வர்தானா என்று உங்கள் கைபேசி பார்ப்பதே அந்தச் சாவியை வைத்துத்தான் ஐயா. அது ஊருக்கே தெரியும் என்றால், பக்கத்து மேஜைக்காரன் 'நான்தான் சர்வர்' என்பான். உங்கள் கைபேசி அவனோடு பவ்வியமாக 256 பிட்டில் பேசும். கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது பெரும்பாலும் எம்எஸ்-சாப் இரண்டாம் பதிப்பு என்ற பழைய முறை. அதை உடைக்க, டெஸ் என்ற பழைய குறியாக்கத்தின் ஒரே ஒரு சாவியைத் தேடினால் போதும் என்று 2012-லேயே காட்டிவிட்டார்கள். டெஸ் சாவி 56 பிட். 256-இல் ஏறி 56-இல் இறங்கியிருக்கிறீர்கள்.

முத்தியால்பேட்டை: ஓபன்விபிஎன் என்ற இன்னொரு விபிஎன் மென்பொருளின் பழைய பதிப்பையும் சொல்லுங்கள். நாமாக மாற்றாவிட்டால் புளோஃபிஷ் என்ற குறியாக்கம்தான் ஓடும், தரவை 64 பிட் கட்டங்களாக வெட்டிப் பூட்டுவது. 2016-இல் ஸ்வீட்32 என்ற தாக்குதல் வந்ததே கட்டம் அவ்வளவு சிறியது என்பதால்தான்.

கெடிலக்கரை: அதற்கு ஒரே இணைப்பில் நூற்றுக்கணக்கான ஜிபி ஓட வேண்டும். இவர் பார்த்தது வங்கி இருப்பு. நான் கேட்பது 12345678.

லாஸ்பேட்டை வாசி: கடலூர்க்காரர்களுக்கு எதிலும் சந்தேகம். விபிஎன் செயலி கேட்ட மூலச் சான்றிதழைக்கூட நிறுவியிருக்கிறேன், இரட்டைப் பாதுகாப்பு!

கெடிலக்கரை: அடடா! ஒரு தளம் அசலா என்று பிரவுசர் முடிவு செய்வதே மூலச் சான்றிதழை நம்பித்தான். இனி அந்த நிறுவனம் எந்தத் தளத்தின் பெயரில் சான்றிதழ் அச்சடித்தாலும் உங்கள் பிரவுசர் தலையாட்டும். லெனோவோ மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற மென்பொருள் செய்து 2015-இல் அம்பலமானதும் இதுதான். சான்றிதழ் அச்சடிக்கும் ரகசியத் தனிச்சாவி எல்லா மடிக்கணினிக்கும் ஒன்றே. அங்கேயும் 12345678 கதை.

மஞ்சக்குப்பம்: கெடிலக்கரை அண்ணன் சொல்லித்தான் சென்ற ஆண்டு 3,000 ரூபாய்க்கு ரூட்டர் வாங்கினேன். மாடி அறைக்கு இன்றுவரை எட்டவில்லை. அவர் மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்.

கெடிலக்கரை: ரூட்டரை இரும்பு பீரோ மேல் வைத்தது நானா? இரண்டு முறை சொன்னேன், இறக்கினீர்களா?

மஞ்சக்குப்பம்: பீரோவை வாங்கும்போது உங்களைக் கேட்கவில்லை, அதுதான் குறை.

லாஸ்பேட்டை வாசி: நான் கேட்டதற்குப் பதில் எங்கே? 256-ஐ உடைத்தவர் யார்? ஒரு பெயர் சொல்லுங்கள்.

கெடிலக்கரை: யாரும் உடைக்கவில்லை. உடைக்கத் தேவையும் இல்லை. 12345678.

லாஸ்பேட்டை வாசி: ஆக, உடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டீர்கள்.

முத்தியால்பேட்டை: மஞ்சக்குப்பம், அந்த ரூட்டரை விற்பதாக இருந்தால் சொல்லுங்கள். என்னிடம் மாடி கிடையாது.