சிஸ்பிளாட்டினுடன் ஒப்பிடுவதற்கு எந்தக் கரைப்பான்?

குழுவினருக்கு வணக்கம். முதுகலை வேதியியல் ஆய்வேட்டுக்காக, தயோசெமிகார்பசோன் ஈனிகளைக் (உலோக அணுவுடன் பிணையும் மூலக்கூறுகள்) கொண்ட சில செம்பு அணைவுச் சேர்மங்களின் புற்றுநோய் எதிர்ப்புத் திறனை, ஹீலா எனும் மனிதக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்களில், உயிருள்ள செல்களின் அளவைக் காட்டும் எம்டிடி சோதனை மூலம் அளவிடவிருக்கிறேன். ஒப்பீட்டு மருந்து, வழக்கம்போல, சிஸ்பிளாட்டின் எனும் பிளாட்டினப் புற்றுநோய் மருந்துதான். பிளாட்டின மின்வாய்களுக்கிடையே பாக்டீரியாக்களை வளர்த்த பார்னெட் ரோசன்பெர்க்கின் 1965ஆம் ஆண்டு ஆய்வில் தற்செயலாகத் தடம் காட்டி, 1978இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அதே மருந்து.

சிக்கல் கரைப்பானில் இருக்கிறது. என் சேர்மங்கள் நீரில் கரைவதில்லை. டைமெத்தில் சல்பாக்சைடில் நன்கு கரைகின்றன. ஆனால் அக்கரைப்பானின் கந்தக அணு பிளாட்டினத்துடன் பிணைந்து குளோரைடை வெளியேற்றிவிடுவதால், டிஎன்ஏவின் குவானினைப் பற்றிச் செல்லைக் கொல்லும் சிஸ்பிளாட்டினின் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அவ்வாறு வலுவிழந்த மருந்தோடு ஒப்பிட்டு என் சேர்மமே மேலானது என்று எழுதுவது முறையாகாது. இதைப் பொருட்படுத்தாத கட்டுரைகளும் வெளிவரத்தான் செய்கின்றன.

சிஸ்பிளாட்டினை மட்டும் உப்புக் கரைசலில் கரைத்து, இரண்டுக்கும் தனித்தனிக் கரைப்பான் கட்டுப்பாடு (சேர்மமின்றிக் கரைப்பான் மட்டும் சேர்த்த செல்கள்) வைத்தால் போதுமா, அல்லது டைமெத்தில் ஃபார்மமைடை இரண்டுக்கும் பொதுவாகப் பயன்படுத்துவது நல்லதா? மேலும், செல் வளர்ப்பு ஊடகத்தில் செம்புச் சேர்மம் சிதையாமல் இருக்கிறது என்பதைப் புற ஊதா நிறமாலையைத் தவிர வேறு எவ்வழியில் உறுதிசெய்யலாம்? இச்சோதனைகளைச் செய்த அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.