கழுத்துக்குப் பரவியிருக்கிறதா? வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு ஸ்கேன் எடுத்த அனுபவங்கள்

கரூர்க்காரன்:
அப்பாவுக்கு வலது கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். புகையிலையை அதக்கி வைக்கிற இடமும் அதேதான். பயாப்சியில் புற்று என்று வந்ததும் கான்ட்ராஸ்ட் சி.டி. (நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) எழுதிக் கொடுத்தார்கள். சர்க்கரைக்காரர் என்பதால் சிறுநீரகம் தாங்குமா என்று முதலில் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துவிட்டுத்தான் ஊசி போட்டார்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்ட மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னது நல்லதாகப் போயிற்று.

அப்புறம் மேஜையில் படுக்கவைத்து, "வாயை மூடிக் கன்னத்தை நல்லா உப்பிப் பிடிங்க ஐயா" என்றார் டெக்னீஷியன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்து காற்று போய்விட்டது, மறுபடி பிடிக்கச் சொன்னார்கள். கன்னமும் ஈறும் ஒட்டிக் கிடந்தால் புண் எதிலிருந்து கிளம்பியது என்று படத்தில் பிரித்துப் பார்க்க முடியாதாம், நடுவில் காற்று நின்றால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். தாடை எலும்பை அரித்திருக்கிறதா என்பதும் அதே படத்தில் தெரிந்துவிடும், எங்களுக்குப் பெரிய பயமே அதுதான். தாடை தப்பியது. கழுத்திலும் சந்தேகப்படும்படி நெறிக்கட்டி இல்லை என்று ரிப்போர்ட்.

ஆனாலும் கழுத்து நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகளை) சேர்த்தே எடுத்துவிடலாம் என்றார் சர்ஜன். படத்தில் இல்லாததை எதற்கு வெட்ட வேண்டும் என்று எனக்குக் கோபமே வந்தது. நெறிக்குள் கொஞ்சம் செல்கள் மட்டும் போய் உட்கார்ந்திருந்தால் எந்த ஸ்கேனிலும் தெரியாது என்று பொறுமையாக விளக்கினார். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் அனில் டி'குரூஸ் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வையும் சொன்னார். ஆரம்பக் கட்ட வாய்ப் புற்றில், கழுத்தில் கட்டி தென்படாதபோதே நெறிகளையும் எடுத்துவிட்டவர்களில் 3 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம், கட்டி வரட்டும் என்று காத்திருந்தவர்களில் 67.5. சரி என்று கையெழுத்துப் போட்டோம். எடுத்த நெறிகளில் ஒன்றில் புற்று இருந்தது.

நெல்லை அக்கா:
தம்பி, எங்களுக்கு நேர் எதிர். வீட்டுக்காரருக்குத் தொண்டையில். கதிர்வீச்சும் கீமோவும் முடிந்த ஒரு மாதத்திலேயே சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு வெளியில் ஒரு சென்டரில் பெட் ஸ்கேன் எடுத்தோம் (சர்க்கரை மாதிரியான கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள், அதை அதிகம் இழுக்கிற இடம் படத்தில் ஒளிரும்), அங்கே யாரும் ஏன் இப்போது என்று கேட்கவில்லை. தொண்டையும் கழுத்தும் ஒளிர்கிறது என்று எழுதிவிட்டார்கள். வீட்டில் யாரும் சோறு தின்னவில்லை.

எங்கள் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, கதிர்வீச்சில் வெந்த சதையும் அந்தச் சர்க்கரை மருந்தை இழுக்கும், 12 வாரம் போகட்டும் என்றார். இங்கிலாந்தில் 564 பேரை வைத்து நடந்து 2016-இல் வெளியான ஆய்வு இருக்கிறதாம். 12 வாரம் கழித்து பெட் எடுத்துச் சந்தேகம் இருந்தால் மட்டும் கழுத்தில் ஆபரேஷன் செய்ததில், எல்லோருக்கும் செய்ததைவிட உயிர் பிழைப்பது குறையவில்லை. மறுபடி எடுத்தபோது ஒளிர்வு இல்லை. இரண்டு முறை செலவு, அது போகட்டும்.

இதைப் போகிறவர்களிடம் சொல்லி வையுங்கள்: 6 மணி நேரம் வெறும் வயிறு, ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும், போன் கூடாது, எதையும் மெல்லக் கூடாது, பேசவே கூடாது. பேசினால் குரல்வளைத் தசை மருந்தை இழுத்து அந்த இடமே ஒளிரும், அப்புறம் புற்றா பேச்சா என்று குழப்பம். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் அவ்வளவு நேரம் வாயை மூடி நான் பார்த்ததில்லை.

பரமக்குடி:
அத்தைக்கு நாக்கில் புண், பல்லில் உலோக அடைப்பு. சி.டி.யில் அந்த இடம் முழுக்கக் கோடு கோடாக விழும் என்று எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், புண்ணின் ஆழத்தையும் அதில்தான் அளந்தார்கள். பெட்டில் கழுத்திலும் நெஞ்சிலும் நெறிகள் ஒளிர்ந்ததும் எல்லாம் முடிந்தது என்றே நினைத்தோம். அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே கழுத்து நெறியில் ஊசி விட்டு உறிஞ்சிச் சோதித்தால், காசநோய்! நெஞ்சில் இருந்ததையும் தனியாகச் சோதித்தார்கள், அதுவும் டிபிதான். பெட்டில் டிபியும் அப்படித்தான் ஒளிருமாம். ஊசி வைத்துப் பார்க்காமல் பரவிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கரூர் அண்ணே, நெறியில் இருந்தது என்கிறீர்களே, அப்பாவுக்குக் கதிர்வீச்சு ஆரம்பித்தாயிற்றா?