பொங்கலுக்குக் காக்கை அட்டைகள் அனுப்பிக்கொள்ளலாமா? சில கேள்விகள்

தவிட்டுக்குருவி (தஞ்சாவூர்):

எல்லோருக்கும் வணக்கம். வருகிற பொங்கலுக்கு நாமே கையால் செய்த அஞ்சலட்டைகளை ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொண்டால் என்ன என்று ரொம்ப நாளாக ஓர் ஆசை, அதுவும் காக்கையை மட்டும் வைத்து. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காக நம்மில் பலர் எப்படியும் அந்த நாலு நாளும் காலையில் வெளியே கிளம்பிவிடுவோம். பட்டியலில் முதல் வரியிலேயே காக்கை வந்துவிடும், ஒரு எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த பறவையைத் தேடப் போய்விடுவோம். பஞ்சுருட்டானுக்குப் பத்து நிமிடம் நிற்கிறவர்கள் காக்கைக்கு ஒரு நொடிகூட நிற்பதில்லை. மாட்டுப் பொங்கல் காலையில் மஞ்சள் இலையில் கனுப்பிடி, அதாவது காக்கைக்கான சோற்று உருண்டைகள், வைக்கிற பெண்கள்தான் அன்றைக்குக் காக்கை வருகிறதா, எந்தப் பக்கம் இருந்து வருகிறது, எந்த உருண்டையை முதலில் எடுக்கிறது என்று கண்ணெடுக்காமல் பார்க்கிறார்கள். அந்த அளவு கவனத்தோடு ஓர் அட்டை செய்து அனுப்ப வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

கேட்க வேண்டியவை சில. கருப்பை எப்படிப் பூசினாலும் காக்கை தட்டையாக, நிழல் உருவம் மாதிரி நின்றுவிடுகிறது, உடம்பின் உருண்டையே தெரிவதில்லை, என்ன செய்யலாம்? அட்டையைத் திறந்தபடியே தபாலில் போடலாமா, உறையில் வைத்துத்தான் போட வேண்டுமா? கீழே விழுந்து கிடக்கிற இறகு ஒன்றை ஒட்டி அனுப்பலாமா? அப்புறம் முகவரிகளை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இங்கே போட எனக்கு விருப்பமில்லை, அதற்கு என்ன வழி?

வேப்பங்காற்று (மதுரை):

அக்கா, நல்ல யோசனை, என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கருப்பு விஷயத்துக்கு வருகிறேன். ட்யூபில் வருகிற கருப்பை அப்படியே எடுக்காதீர்கள், அதுதான் எல்லாவற்றையும் தட்டையாக்குகிறது. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பையும் கெட்டியாகக் கலந்தால் ஓர் ஆழமான கருமை கிடைக்கும், நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்து தெரியும், அம்பரைக் கூட்டினால் வெயில் பட்ட மாதிரி இருக்கும். அதைவிட முக்கியம், நம் ஊர்க் காக்கை முழுக்கக் கருப்பே இல்லை. நெற்றி, உச்சி, தொண்டை, சிறகு, வால் இவைதான் மினுமினுக்கும் கருப்பு. பிடரி, கழுத்து, மார்பு எல்லாம் சாம்பல், சில காக்கைகளுக்கு அது பழுப்புக்கே போய்விடும். இந்தச் சாம்பல் பகுதியை முதலில் மெல்லிய நீர்ப்பூச்சாகப் பூசி ஈரம் காய்வதற்குள் அதன் ஓரத்தில் கருப்பைத் தொட்டு வையுங்கள், இரண்டும் தானாகக் கலந்து விளிம்பு மென்மையாகிவிடும், உடம்பின் உருண்டை அங்கேயே வந்துவிடும். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு சிறகின் மேல் தண்ணீராகக் கரைத்த ஊதாவும் பச்சையும் ஒரு கோடு விட்டுப் பாருங்கள். காலை எட்டு மணி வெயிலில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கிற காக்கையிடம் அந்த நிறம் அப்படியே இருக்கும்.

அண்டங்காக்கை வரைகிறவர்கள் சாம்பல் கழுத்தை மறந்துவிடலாம், அது முழுக் கருப்பு, ஆனால் அலகு நல்ல தடிமன், உடம்பும் பெரிது. இரண்டுக்கும் பொதுவாகப் பலர் விட்டுவிடுவது அலகு தொடங்குகிற இடத்தில் மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு முன்பக்கம் படுத்திருக்கிற முடி போன்ற சின்ன இறகுகளை. அவற்றைப் போடாவிட்டால் எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது வேறு ஏதோ ஒரு பறவையாகத்தான் தெரியும். கண்ணில் ஒரு புள்ளி வெள்ளையை விட்டுவையுங்கள். சிவப்புக் கண் போட்டால் அது ஆண் குயில், அதையும் பலர் காக்கை என்று நினைத்து வரைகிறார்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இணையத்தில் எடுத்த படத்தைப் பார்த்து வரைய வேண்டாம். அதில் பாதி வெளிநாட்டுக் காக்கைகள், கழுத்தும் கருப்பாகவே இருக்கும். உங்கள் மாடிக்கு வருகிற காக்கையை வரையுங்கள்.

தபால்பை (திருச்சி):

ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே தபால் பிரிவில் பல வருடம் கடிதம் பிரித்தவன் என்கிற முறையில் தபால் கேள்விக்குச் சொல்கிறேன்.

திறந்தபடியே போடுங்கள் அம்மா. அட்டைக்கு அதுதான் அழகு, வழியில் பிரிக்கிறவர், பை கட்டுகிறவர், கொண்டுவந்து கொடுக்கிறவர் எல்லோரும் பார்ப்பார்கள். படம் வரைந்த அட்டை வந்தால் நாங்கள் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்போம். இந்த நாட்டில் 1879 ஜூலை 1ஆம் தேதி கால் அணாவுக்கு அஞ்சலட்டை வந்த நாளிலிருந்து அதில் இருப்பதை யாரும் படிக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டேதான் ஜனங்கள் எழுதியிருக்கிறார்கள்.

தபால் ஆபீசில் விற்கிற 50 பைசா அட்டையையே வாங்கி வரைந்தால் கட்டணச் சிக்கலே வராது. ஆனால் அந்தக் காகிதம் மெல்லியது, தண்ணீர் வண்ணம் ஊறிச் சுருண்டுவிடும், அதில் பேனா, பென்சில், ரப்பர் ஸ்டாம்ப் வேலைதான் நன்றாக வரும். கெட்டி வரைதாளில் சொந்தமாக வெட்டினால் அதே 14 செ.மீ.க்கு 9 செ.மீ. அளவில் வெட்டுங்கள், கவுன்ட்டரில் காட்டி எவ்வளவு தபால்தலை என்று கேட்டு ஒட்டுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுக் குறைவாக ஒட்டினால் வாங்குகிறவர் அபராதம் கட்ட வேண்டி வரும், அன்பளிப்பு அனுப்பி அப்படி ஆகக் கூடாது. முகவரிப் பக்கத்தில் வலது பாதியை முழுதாக விட்டுவிடுங்கள், பின்கோடு ஆறு எண்ணும் தெளிவாக இருக்கட்டும், அதன் மேல் காக்கை வால் நீண்டு வர வேண்டாம்.

நூல், ஜிகினா, கம்பி, பொத்தான் ஒட்டுவதானால் உறைக்குள் போடுங்கள். கட்டுக் கட்டும்போது அவை பக்கத்துக் கடிதத்தைப் பிடித்துக் கிழித்துவிடும், உங்களுடையதோடு இன்னொருவர் கடிதமும் போகும். ஆயில் பேஸ்டல், கரிக்கோல் இரண்டும் அடுத்த அட்டையில் ஒட்டிக்கொள்ளும், மேலே ஃபிக்ஸேட்டிவ் (வண்ணம் ஒட்டாமல் பிடித்துவைக்கிற பூச்சு) அடித்துக் காயவைக்காமல் போடக் கூடாது. மார்கழிப் பனியில் தெருவோரப் பெட்டியின் உள்பக்கமே ஈரமாகிவிடும், அதனால் தண்ணீரில் கரையாத மை நல்லது. முடிந்தால் பெட்டியில் போடாமல் நேரே ஆபீசில் கொடுத்து முத்திரையைக் கையால் தெளிவாகக் குத்தித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தேதியும் ஊரும் தெளிவாக விழுந்த முத்திரை படத்தோடு சேர்ந்து நிற்கும்.

உள்ளான் (கோவை):

இறகு வேண்டாம். அழுத்தமாகவே சொல்கிறேன்.

முன்பெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவாலோடு காக்கையும் தொல்லை உயிர் என்று இருந்தது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள், அதனால் காக்கை விஷயத்தில் எதுவும் கேட்பாரில்லை என்கிற பழைய நினைப்பு இனி சரிவராது. அமெரிக்காவுக்கு அனுப்புவதாக இருந்தால் இன்னும் சிக்கல், அங்கே புலம்பெயர் பறவைகள் சட்டத்தில் 1972 முதல் காக்கை இனங்களும் அடக்கம், கீழே கிடந்த ஓர் இறகை வைத்திருப்பதுகூடக் கூடாது. சட்டத்தை விடுங்கள், 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காக்கைகள் செத்து விழுந்தது பறவைக் காய்ச்சலால். எந்தப் பறவையிடமிருந்து எப்படி விழுந்தது என்று தெரியாத இறகைத் தபால்காரர்கள் பலர் தொடும்படி அனுப்புவது நியாயமில்லை. இறகு வேண்டுமென்றால் தொட்டுப்பேனாவால் வரையுங்கள், நடுத்தண்டிலிருந்து ஒவ்வொரு கோடாக இழுத்துக்கொண்டு வந்தால் ஓர் அட்டை முழுக்க ஒரே இறகு அருமையாக வரும்.

இன்னொன்றும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். காக்கையைக் கொண்டாடுவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. எங்கள் பகுதியில் சின்னான் (புல்புல்) கூடு கட்டினால் முட்டையோ குஞ்சோ தங்குவதே அரிது, காக்கை எடுத்துப் போய்விடுகிறது. இவ்வளவு பெருகியிருக்கிற ஒரு பறவைக்கு விழா எடுக்க வேண்டுமா?

தவிட்டுக்குருவி (தஞ்சாவூர்):

இறகு பற்றிச் சொன்னதற்கு நன்றி, அது கிடையவே கிடையாது என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் தயக்கம் எனக்கும் புரிகிறது, எங்கள் தெருவிலும் அதே கதைதான். ஆனால் காக்கை பெருகியதற்குக் காரணம் காக்கை இல்லை, திறந்து கிடக்கிற குப்பைத் தொட்டியும் இறைச்சிக்கடைக் கழிவும். குப்பைமேட்டில் நிற்கிற காக்கையும், சின்னான் கூட்டை எட்டிப் பார்க்கிற காக்கையும் அட்டையில் வரட்டுமே. கும்பிடுகிற மாதிரி வரைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை, இருக்கிறபடி பார்த்து வரைய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். கம்பியும் குச்சியுமாகக் காக்கை கட்டுகிற கூட்டைப் பாருங்கள், நகரத்துக் கூடுகளில் கம்பிதான் அதிகம் என்று தோன்றும், அதில் குயில் குஞ்சு உட்கார்ந்து வாயைப் பிளக்கும், ஊட்டுவதும் இதே காக்கைதான். இத்தனை கதையும் நம் கண் முன்னாலேயே நடக்கிறது.

கிள்ளான் மணி (மலேசியா):

வணக்கம், வெளிநாட்டிலிருந்து கலந்துகொள்ளலாமா? எங்கள் ஊர்க் காக்கைக்குத் தனிக் கதை இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

இங்கே கிள்ளானில் இருக்கிற காக்கை உங்கள் ஊர்க் காக்கையின் உறவுதான், சாம்பல் கழுத்து உண்டு. 1890களில் காப்பித் தோட்டங்களில் புழுத் தொல்லை அதிகமாகி, அதைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது, தோட்டங்கள் போய் அடுக்குமாடி வந்தது, காக்கைகள் மட்டும் இருந்து பெருகிவிட்டன. இப்போது நகராட்சிகள் அவ்வப்போது துப்பாக்கிக்காரர்களை வைத்துச் சுடுகின்றன. சத்தம், எச்சம், குப்பையைக் கிளறுவது என்று புகார் சொல்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, உள்ளூர்ப் பறவைகளுக்கும் அதனால் தொந்தரவு உண்டு, அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனாலும் கடல் தாண்டி வேலைக்குக் கொண்டுவரப்பட்ட பறவை, வேலை முடிந்ததும் வேண்டாததாகிப் போனதை, தோட்டத்துக்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள் சாதாரணமாகப் பார்த்துவிட்டுப் போக முடியாது. பாட்டி காலத்திலிருந்து சனிக்கிழமை அதற்குச் சோறு வைக்கிறோம், அதே வாரத்தில் அதைச் சுடவும் செய்கிறார்கள்.

நான் செய்யப்போகிற அட்டையில் ஒரு பக்கம் காப்பிச் செடி, மறுபக்கம் வாழை இலையில் சோறு, நடுவில் காக்கை. பழைய நாளிதழை வெட்டி ஒட்டிக் கொலாஜாகச் செய்கிறேன், வழவழப்பான அரக்குப் பூச்சு மேலே ஒன்று போட்டால் ஓரம் பிரியாது. விமானத் தபாலுக்கு நேரம் வேண்டும், எனக்கு மட்டும் முகவரியை மார்கழி தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால் நல்லது.

செம்போத்து (நாகர்கோவில்):

மணி அண்ணன் அட்டை என் பெயருக்கு வர வேண்டும் என்று இப்போதே வேண்டிக்கொள்கிறேன்.

தபாலில் கலை அனுப்புவதற்கு நல்ல மரபு உண்டு. நியூயார்க்கில் ரே ஜான்சன் என்கிற ஓவியர் 1950களிலிருந்தே சின்னச் சின்னக் கொலாஜ்களை நண்பர்களுக்கு அனுப்பி, இதில் நீயும் எதையாவது சேர்த்து இன்னாருக்கு அனுப்பு என்று எழுதிவிடுவார். அதிலிருந்து உலகம் முழுக்கப் பரவியதில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது, தேர்வுக் குழு கிடையாது, கட்டணம் கிடையாது, வந்தது திரும்பாது, பங்கெடுத்த எல்லோருக்கும் வந்தவற்றின் பட்டியல் போகும். நாமும் இதையே எடுத்துக்கொள்ளலாம், யார் நன்றாக வரைந்தார் என்கிற பேச்சே வராது. ஒருவருக்கொருவர் அனுப்புவதோடு, ஒரே ஓர் அட்டையை மட்டும் ஊர் ஊராகச் சுற்றவிட்டு ஒவ்வொருவரும் ஒரு காக்கை சேர்க்கலாம், கடைசியில் அக்காவிடம் வந்து சேரட்டும்.

வரையத் தெரியாது என்று தயங்குகிறவர்களுக்குப் பள்ளிக்கூட அழிரப்பர் போதும். டிரேசிங் தாளில் 2பி பென்சிலால் காக்கையை அழுத்தி வரைந்து, பென்சில் பக்கத்தை ரப்பர் மேல் வைத்து நகத்தால் தேய்த்தால் உருவம் திரும்பி விழும், ஸ்டாம்ப் அடிக்கும்போது மறுபடி திரும்பிச் சரியாக வந்துவிடும். வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடங்களைப் பிளேடால் சாய்த்து வெட்டுங்கள், நேராக ஆழமாக வெட்டினால் ரப்பர் பிய்ந்துவிடும். உடம்புக்கு ஒரு ரப்பர், கழுத்துக்கு ஒரு ரப்பர் என்று இரண்டு செய்துகொண்டு கழுத்துக்குச் சாம்பல் மை தொட்டால் ஒரே மாலையில் பத்து அட்டை தயார். என் பையன்கள் இதைத்தான் செய்யப்போகிறார்கள்.

தலைப்பு தேடுகிறவர்களுக்கு ஒன்று. குறுந்தொகை 210ஆம் பாட்டில், தலைவன் வரப்போகிறான் என்று கரைந்த காக்கைக்கு ஏழு கலம் நிறைய நெய்ச்சோறு வைத்தாலும் போதாது என்று தோழி சொல்கிறாள். அதைப் பாடியதால்தான் நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர். ஒருவர் வருவதை முன்கூட்டிச் சொல்கிற பறவையைத் தபாலில் அனுப்புவது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

தவிட்டுக்குருவி (தஞ்சாவூர்):

அப்போது இப்படிச் செய்துவிடலாம். முகவரியை யாரும் இங்கே போட வேண்டாம், எனக்குத் தனிச்செய்தியில் மட்டும் அனுப்புங்கள். நான் ஒரு வளையமாக வைத்து, நீங்கள் அனுப்ப வேண்டிய ஒருவரின் முகவரியை மட்டும் உங்களுக்குத் தருவேன், உங்களுக்கு யாரிடமிருந்து வருகிறது என்பது அட்டை வந்தால்தான் தெரியும். கார்த்திகைத் தீபத்துக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள், மணி அண்ணனுக்கு முகவரியை உடனே அனுப்பிவிடுகிறேன். மற்றவர்கள் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் தபாலில் சேர்த்தால் போதும். அட்டையின் பின்பக்கம் எந்த ஊர், எந்த இடத்தில், எந்த வேளையில் பார்த்த காக்கை என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள், அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். சுற்றுகிற அட்டை செம்போத்திடமிருந்தே கிளம்பட்டும்.

உள்ளான் (கோவை):

சரி, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் கரிச்சான் (இரட்டைவால் குருவி) கூடு இருக்கிற மரத்துக்குக் கிட்டே காக்கை வந்தால் துரத்தி அடித்துவிடும், அதனாலேயே சின்னப் பறவைகள் அந்த மரத்திலேயே கூடு கட்டுகின்றன. கரிச்சான் துரத்துகிற காக்கையை வரையலாமா?

தவிட்டுக்குருவி (தஞ்சாவூர்):

தாராளமாக வரையுங்கள். கரிச்சான் வால் பிளவு முகவரிப் பக்கம் போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.