ஜான் ஜாவுக்குத் தமிழில் ஒரு பட்டப்பெயர் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. மொழிபெயர்ப்பு அனுபவம் உள்ளவர்களிடம் ஓர் உதவி.

1879-ல் அச்சான 'மூன்று வீரர்கள், ஐந்து தீரர்கள்' என்ற சீன நாவலின் சில அத்தியாயங்களை, ஆங்கிலம் வழியாக, என் மகளுக்காகத் தமிழில் எழுதிவருகிறேன். சோங் அரசு காலத்து நீதிபதி பாவ் ஜெங்குக்குக் காவலாக நிற்கும் ஜான் ஜாவ்தான் எனக்கு உயிர். ஊர் ஊராகச் சுற்றித் திரிந்த வாள்வீரன், ஒரு நேர்மையான மனிதருக்காக அரசு உத்தியோகத்தை ஏற்கிறான். அந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் மனசு கனக்கிறது.

சிக்கல் இதுதான். கூரை மேல் அவன் தாவுவதைப் பார்த்த பேரரசர் 'பூனை' என்று வியக்க, அதுவே பட்டமாகிவிடுகிறது. 'எலி' என்று பட்டம் சூடிய ஐந்து வீரர்களில் ஒருவனான பாய் யூதாங் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு மோத வருகிறான். ஆகவே பூனையை விடவே முடியாது. 'அரசப் பூனை' சரியா, 'அரண்மனைப் பூனை'யா? எனக்கு இரண்டிலும் கம்பீரம் குறைகிறது.

இன்னொன்று, 'சியா' என்ற சொல். எளியவருக்காக வாளெடுப்பவன் என்று பொருள். வெறும் 'வீரன்' போதவில்லை. 'மறவன்' என்றால் சாதிப்பெயராகப் படிப்பார்களோ என்று தயங்குகிறேன். பழைய சொல் ஏதாவது நினைவுக்கு வந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.