காடைக்கு எத்தனை அடி இடம் விட்டீர்கள், சண்டை நின்றதா?

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பொங்கல் முடிந்த கையோடு 50 ஜப்பான் காடைக் குஞ்சு வாங்கினேன். 4 அடி நீளம், 2½ அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கூண்டு அடித்தால் ஐம்பதும் தாராளமாக நிற்கும் என்றார் விற்றவர். ஐந்து வாரம் வரைக்கும் நிற்கத்தான் செய்தது. கறிக்கு வளர்க்கிறவர் அந்த வயதிலேயே பிடித்து விற்றுவிடுவார், அவருக்கு அந்தக் கணக்கு சரி. நான் முட்டைக்காக வைத்துக்கொண்டேன்.

ஏழாவது வாரம், காலையில் தீவனம் வைக்கப் போனால் ஒரு பெட்டை மூலையில் தலையைச் செருகிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் உச்சந்தலையில் தோலே இல்லை, வெள்ளையாக எலும்பு தெரிகிறது. பதறிப்போய்விட்டேன். அதற்கடுத்த மூன்று நாளில் வேறு இரண்டு பெட்டை செத்தது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் பிடித்து நெஞ்சைப் பார்த்தேன். நெஞ்சு புள்ளியில்லாமல் செம்பழுப்பாக இருந்தால் ஆண், வெளிறிய நெஞ்சில் கறுப்புப் புள்ளி இருந்தால் பெட்டை. மூன்று வாரத்திலேயே இது தெரிந்துவிடும், நான்தான் பார்க்கவில்லை. 50-இல் 23 ஆண்! அணையும்போது ஆண் பெட்டையின் பிடரியைக் கவ்வும், ஒரே பெட்டையை ஐந்தாறு ஆண் மாறிமாறிக் கவ்வினால் தலை என்னத்துக்கு ஆகும், ஒதுங்க இடமும் கிடையாது. ஆறு ஆணை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றேன். அதே அளவில் இன்னும் இரண்டு கூண்டு செய்து, ஒவ்வொன்றிலும் 8 பெட்டை, 2 ஆண். ஒரு காடைக்கு ஒரு சதுர அடி. ஒரே வாரத்தில் ரத்தம் பார்ப்பது நின்றது. அடிபட்டதைத் தனியாக வைத்து மஞ்சள் தடவினேன், புண் ஆறி முடியும் முளைத்துவிட்டது, ஆனால் திரும்ப உள்ளே விட்டால் எல்லாம் சேர்ந்து விரட்டுகிறது. உங்கள் அனுபவம் என்ன?

*

தம்பி, காட்பாடியிலிருந்து. நீங்கள் சொன்ன உயரத்தை மாற்றுங்கள், அதுதான் எனக்கு அடி கொடுத்தது. காடை மிரண்டால் ஓடாது, நேராக மேலே எகிறும். ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய்ப் பட்டென்று வந்து விளக்கு எரிந்ததும் கூண்டுக்குள் தொம் தொம்மென்று சத்தம், ஓடிப்போய்ப் பார்த்தால் நாலு காடைக்கு மண்டை பிளந்து கிடக்கிறது. ஒன்றரை அடியில் வேகம் எடுத்துப்போய் மோதுகிறது. இப்போது பத்து அங்குலம்தான் வைத்திருக்கிறேன், மேல் வலைக்கு அடியில் பழைய நிழல்வலையைத் தொய்வாகக் கட்டிவிட்டேன். காடை கிளையில் ஏறி உட்காரும் ஜாதி இல்லை, அதற்கு வேண்டியது தரை. உயரத்துக்குப் போடுகிற வலையை அகலத்துக்குப் போடுங்கள்.

*

அணைக்கட்டுப் பக்கம் நாங்கள். ஒரு சதுர அடி என்கிற கணக்கு நல்ல கணக்குதான், ஆனால் நம் வேலூர் வெயிலை மறக்காதீர்கள் தம்பி. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் காடைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், அந்த நேரத்தில் ஒன்றை ஒன்று இடித்தாலே கொத்துதான். பத்து இருந்த கூண்டில் ஏழாகக் குறைத்து, பக்கவாட்டில் ஈரச் சாக்குக் கட்டினோம். அப்புறம் தீவனத் தொட்டி ஒரே பக்கம் இருந்தால் ஒரு ஆண் அதை மறித்துக்கொண்டு நிற்கும், இரண்டு கோடியிலும் வையுங்கள். பழைய தாம்பாளத்தில் ஆற்று மணல் கொட்டிவைத்தால் அதில் புரண்டு புரண்டு குளிக்கும், எங்கள் வீட்டில் மத்தியான நேரத்துக் கொத்து பாதி அதிலேயே குறைந்தது. உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்துவைத்தால் துரத்தப்படுகிறது உள்ளே ஒளிந்துகொள்ளும்.

ஆறிய பெட்டையை ஒண்டியாக உள்ளே விடாதீர்கள். எல்லாவற்றையும் சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் ஒன்றாகப் புதுக் கூண்டுக்கு மாற்றுங்கள், யாருக்கும் சொந்த இடம் என்று இருக்காது. நாங்கள் இரண்டு தடவை அப்படிச் சேர்த்திருக்கிறோம்.

*

குடியாத்தம் மறுபடியும். நன்றி அக்கா, நன்றி அண்ணா. நேற்று சாயங்காலம் மாற்றிவிட்டேன், சட்டியும் வைத்தேன். காலையில் பார்த்தால் அந்தப் பெட்டை சட்டிக்குள்தான் இருந்தது, கூடவே இன்னொன்றும் ஒட்டிப் படுத்திருந்தது.