கண்ணகி நகருக்கு முன்னால் சென்னைச் சுவரில் கலையே இல்லையா?

ஓஎம்ஆர்வாசி: துரைப்பாக்கம் கண்ணகி நகரின் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுக்குமாடிச் சுவர் முழுக்க முகங்களும் வண்ணங்களும். சென்னையின் தெருக்கலை 2020-ல் இங்கேதான் பிறந்தது. அதற்கு முன் சுவர் என்றால் கட்சி விளம்பரமும் சினிமா போஸ்டரும்தான்.

பிரஷ் மணி: பிறந்ததாம்! பிரசவம் பார்த்தது நீங்களா? 2009 கடைசியில் மாநகராட்சி அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் போஸ்டர்களை எடுத்துவிட்டுச் சுவரெல்லாம் படம் வரையச் சொன்னது. வரைந்தது யார்? ஃபிளெக்ஸ் வந்து பிழைப்பைப் பறிகொடுத்த எங்கள் பேனர் ஓவியர்கள்.

ஓஎம்ஆர்வாசி: அது போஸ்டரை மறைக்க வரைந்தது. அதையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது.

பிரஷ் மணி: மறைக்கவா? சரி, கண்ணகி நகரில் எதை மறைத்தார்கள்? கூவம் கரையிலிருந்து அள்ளிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே போட்ட ஜனங்கள். 15 ஆயிரத்துக்கு மேல் வீடுகள். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள். அந்தச் சுவருக்கு பெயின்ட் கம்பெனி காசில் கலர் அடித்தால் கலை, எங்கள் ஆள் அண்ணா சாலையில் கோபுரம் வரைந்தால் மறைப்பு!

ஓஎம்ஆர்வாசி: அந்தப் பெயரை மாற்றத்தான் ஓவியமே. இப்போது வெளியாட்கள் தேடிப் போகிறார்கள். அண்ணா சாலையில் வரைந்தது போஸ்டரை மறைக்கத்தான், அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பிரஷ் மணி: தேடிப் போய் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஒருவராவது மாடியேறி, தண்ணீர் வருகிறதா என்று கேட்டிருப்பாரா?

சும்மா இருப்பவன்: போஸ்டரை மறைக்க வெள்ளை அடித்தாலே போதுமே அண்ணே?

ஓஎம்ஆர்வாசி: வெள்ளை அடித்தால் மறுநாளே ஒட்டிவிடுவான். படம் இருந்தால் யோசிப்பான். ஆகவே மறைக்கத்தான்.

தூங்காநகரான்: சென்னைக்காரர்கள் சண்டைக்குள் வருகிறேன். எங்கள் மதுரையில் காதுகுத்துக்கே ஆள் உயரப் போஸ்டர். அது கலை இல்லை என்று சொல்ல இவர் யார்?

பிரஷ் மணி: மதுரைக்கு இந்த மன்றத்தில் தனி விவாத இழை திறங்கள். மெட்ரோ தூண் பற்றிய பழைய இழையையும் இப்படித்தான் நாசம் செய்தீர்கள், மறக்கவில்லை.

தூங்காநகரான்: அங்கே நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. நானும் மறக்கவில்லை.

சட்டப்புள்ளி: பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் இருக்கிறது. கட்சிச் சுவர் விளம்பரத்தில் பாதி குற்றம். குற்றத்தைக் கலை என்று கொண்டாடுகிறீர்கள்.

பிரஷ் மணி: 1959-ல் சட்டம் போடுமளவுக்குச் சுவரில் எழுதியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம் ஐயா? நான் எழுதியவன், சொல்கிறேன். இரவோடு இரவாகச் சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் தேர்தல் வருடத்தையும் போட்டுவிட்டால் சுவர் நமக்கு. அடுத்த கட்சிக்காரன் கை வைத்தால் அடிதடி. நூலில் நீலம் தோய்த்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் கோடு விழும். அந்தக் கோட்டில் உதயசூரியனும் நிற்கும், இரட்டை இலையும் நிற்கும். இதைவிட அரசியல் ஓவியம் எது?

ஓஎம்ஆர்வாசி: அது விளம்பரம். இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் எச்ஐவி பற்றிய ஓவியம் இருக்கிறது, வரிசையாக முகங்கள். யாருக்குத் தொற்று, யாருக்கு இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதுதான் அரசியல்.

பிரஷ் மணி: நல்ல ஓவியம், இல்லை என்றேனா? 2020-ல்தான் பிறந்தது என்றீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

ஓஎம்ஆர்வாசி: நீங்கள் காட்டும் அண்ணா சாலை, போஸ்டரை மறைக்க வரைந்தது.

பிரஷ் மணி: அந்த ஒரு வரியைப் பிரேம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன், கூலி தனி.

சட்டப்புள்ளி: எந்தச் சுவரில் எழுதுவதாக இருந்தாலும் உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள்.

தூங்காநகரான்: மெட்ரோ தூண் பதில் எங்கே?